கொடைரோட்டில் நின்ற பாதயாத்திரை

முதல் நாள்: மதுரை – வாடிப்பட்டி

பழனிக்கு இது எனக்குப் பத்தொன்பதாவது நடை. அதிகாலை மூன்றரை மணிக்கு ஆரப்பாளையத்துப் பிள்ளையார் கோயில் வாசலில் சிதறுகாய் உடைத்துவிட்டு முப்பத்தொரு பேர் கிளம்பினோம். பச்சை வேட்டி, கழுத்தில் மாலை, தோளில் துணிப்பை, பையின் முதுகில் வண்டி வெளிச்சம் பட்டால் மின்னும் ஸ்டிக்கர். குருசாமி செல்லூரில் தறி ஓட்டியவர். எழுபது வயதிலும் எல்லாருக்கும் முன்னால் நடப்பார், யாருக்காகவும் திரும்பிப் பார்க்க மாட்டார். பாத்திமா கல்லூரியைத் தாண்டும்போதே சிவகங்கை, பரமக்குடி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் குழுக்களும் வந்து சேர்ந்துகொண்டன. சமயநல்லூர் வரும்வரை சாலையோரம் முழுக்க ஒரே அரோகராதான்.

இந்த ஆண்டு என்னோடு வந்திருப்பவர் என் அத்தை மகன், நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுபவர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளர். 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கொரோனா காரணமாக அங்கே தைப்பூச ஊர்வலம் நடக்கவில்லை. செராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் தொடங்கி டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை காவடியோடு நடக்கிற வழக்கம் நின்றுபோய், கோயிலிலேயே தயாரித்துக் கொடுத்த பால்குடத்தைச் செலுத்திவிட்டு வீடு திரும்ப வேண்டியிருந்தது. ஒருமுறை பழனிக்கே நடந்து வருகிறேன் என்று அப்போது நேர்ந்துகொண்டாராம். வேலை, விடுப்பு, பிள்ளைகளின் பரீட்சை என்று தள்ளித் தள்ளி இந்தத் தைக்குத்தான் வாய்த்தது. நேற்று முன்தினம் மாலை மதுரையில் வந்து இறங்கினார். தைப்பூசத்தன்று அதிகாலையில் தரிசனம், அங்கிருந்து மதுரைக்குப் பேருந்து, அன்று இரவே திரும்பிப் போகும் விமானம் என்று மணிக்கணக்காகத் திட்டம் போட்டு வைத்திருக்கிறார். ஆறு நாள் பயணத்தில் ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லை.

குழுவில் ஒரு அப்பத்தா உண்டு. வயது அறுபத்தேழு, சர்க்கரை நோயாளி, தொழில் மல்லிகைப்பூக் கட்டுவது. சுக்குமல்லிக் காப்பி நிறைந்த பெரிய பிளாஸ்க்கைத் தானே சுமந்து வருவார். பிளாஸ்க்கின் மூடிதான் டம்ளர். வாடிப்பட்டி வருவதற்குள் அந்த மூடி குறைந்தது பத்துப் பேர் வாயில் பட்டுத் திரும்பியிருக்கும்.

தங்கியது ஒரு கல்யாண மண்டபம். ஒரே ஜமுக்காளத்தில் தலைமாடும் கால்மாடுமாக எட்டுப் பேர் படுத்தோம். மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல வலிக்கிறதாம், தொண்டை கரகரக்கிறதாம். ஏசி அறையில் இருந்தவரை இருபத்தைந்து கிலோமீட்டர் நடக்கவைத்தால் உடம்பு வலிக்காமல் என்ன செய்யும் என்று சொல்லி, என் பையிலிருந்த பாராசிட்டமால் 650 ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். உடனே தூங்கிவிட்டார்.

இரண்டாம் நாள்: வாடிப்பட்டி – கொடைரோடு

நேற்று எழுதியதன் கடைசிப் பத்தியைப் படித்தவர்களில் ஒருவராவது என்னைத் திட்டியிருக்க வேண்டும். முப்பத்து மூன்று ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உடம்பு வலி, தொண்டைக் கரகரப்பு, இரண்டு நாள் முன்பு விமானப் பயணம் என்று மூன்று தகவல் கையில் இருந்தும் நான்காவதாக ஒரு கேள்வி கேட்காமல் மாத்திரையை நீட்டியிருக்கிறேன்.

காலையில் அவர் நன்றாகத்தான் நடந்தார். வலப்பக்கம் சிறுமலை கருநீலமாக எழுந்து நிற்க, பனிக்காற்றில் குருசாமிக்குப் பின்னாலேயே போனார். ஐந்து மணிக்கு இன்னொரு மாத்திரை போட்டுக்கொண்டதை எனக்குச் சொல்லவில்லை. பத்து மணிக்கு மேல் மாத்திரையின் வேகம் இறங்கியதும் நடை தளர்ந்தது. அம்மையநாயக்கனூருக்குச் சற்று முன்னால் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தவர், உச்சி வெயிலில் போர்வை கேட்டார். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 102.4 காட்டியது. வறட்டு இருமல், கண் சிவப்பு, நெற்றிப்பொட்டில் வலி. விமானத்தில் பின்னிருக்கைக்காரர் நான்கு மணி நேரமும் இருமிக்கொண்டே வந்தார் என்பதை அப்போதுதான் சொன்னார். அங்கே வாங்கியதா, அதற்கு முன்பே பட்டறையில் வாங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஃப்ளூ வைரஸ் உடம்புக்குள் புகுந்து ஒன்று முதல் நான்கு நாளுக்குள், பெரும்பாலும் இரண்டாவது நாளில், காய்ச்சலாக வெளிப்படும். வெளிப்படுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்கு ஒட்டத் தொடங்கிவிடும். அப்படியென்றால் நேற்று காலை சிதறுகாய் உடைத்த நேரத்திலேயே அது எங்களோடு கிளம்பியிருக்கிறது.

எனக்கு 2009 நினைவுக்கு வந்தது. மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் ஏப்ரலில் கண்டறியப்பட்ட பன்றிக் காய்ச்சல் மே மாதமே ஹைதராபாத்தில் இறங்கிய ஒரு பயணி மூலம் இந்தியாவுக்குள் வந்துவிட்டது. ஜூன் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மதுரைக்கு அப்போது வெளிநாட்டு விமானமே கிடையாது, 2012இல்தான் கொழும்பு விமானம் வந்தது. சென்னை, திருச்சி, திருவனந்தபுரம் வழியாக வந்தவர்களின் பட்டியல் எங்கள் கைக்கு வரும், வீடு தேடிப் போய் விசாரிப்போம். போன வீடுகளில் பாதிக்கு மேல் பதில் ஒன்றேதான்: “காய்ச்சலா? அதெல்லாம் ஒண்ணுமில்லை சார்.” மேசையில் மாத்திரை அட்டை கிடக்கும். அவர்கள்மீது எனக்கு அன்று கோபம். நேற்று இரவு அந்த மாத்திரை அட்டை என் பையிலிருந்தே வெளியே வந்திருக்கிறது.

மதியம் அன்னதானப் பந்தலில் தண்ணீர் டிரம்மின் மேல் சங்கிலி கட்டிய ஒரே டம்ளர் கிடந்தது. வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் அண்ணாந்து குடிக்கத் தெரிந்தவர்களல்லர். நான் பந்தல்காரரிடம் சொல்லி நூறு காகித டம்ளர் வாங்கிவரச் செய்தேன். அது அரை மணி நேரத்தில் தீர்ந்தது, சங்கிலி டம்ளர் மறுபடியும் வேலைக்கு வந்துவிட்டது.

மூன்றாம் நாள்: கொடைரோடு

இன்று நடக்கவில்லை. நடக்காமலிருக்க முடிவெடுப்பதற்குள் விடிந்துவிட்டது.

மாப்பிள்ளை கேட்கவே இல்லை. “மச்சான், ரெண்டு மாத்திரை போட்டா திண்டுக்கல் போயிரலாம். திண்டுக்கல் போயிட்டா பழனி பக்கம்” என்று அவர் சொல்லும் போதே நெற்றியில் வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரிலிருந்து கடல் தாண்டி வந்திருக்கிறார், அடுத்த விடுப்புக்கு இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும், அம்மாவிடம் என்ன சொல்வது, முருகனுக்கு என்ன பதில் என்று அடுக்கிக்கொண்டே போனார். கூடவே வந்த நால்வரும் அவர் பக்கம்தான். பாதயாத்திரையில் காய்ச்சலோடு நடந்து சேர்ந்தவர்களின் கதை எல்லாரிடமும் ஒன்று இருக்கிறது, கேட்டவுடன் எடுத்துவிடுகிறார்கள். சேராதவர்களின் கதையைச் சொல்ல ஆள் இருப்பதில்லை.

நான் குருசாமியிடம் போனேன். அவர் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: “மாலை போட்டவன் வீட்ல நடுவுல ஒரு சாவு விழுந்தா என்ன செய்வோம்?”

தீட்டு என்று மாலையைக் கழற்றுவோம். அந்த ஆண்டு நடை இல்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், நேர்த்தியை முறித்துவிட்டான் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள், அடுத்த தையில் முன்னைவிட மரியாதையாகவே சேர்த்துக்கொள்வார்கள். ஆக, நின்றுகொள்வதற்கு நம் வழக்கத்தில் இடம் இருக்கிறது. அது சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்து, காய்ச்சலுக்குத் தர மறுத்துவிட்டோம். அம்மை கண்டவர் வீட்டில் வேப்பிலை செருகினால் வெளியாள் உள்ளே வருவதில்லை, வீட்டாள் வெளியே போவதில்லை. அதே ஊரில் ஃப்ளூக் காய்ச்சல்காரர் மட்டும் கூட்டத்தின் நடுவே நடக்கிறார், அதற்குப் பக்தி என்று பெயர் வைக்கிறோம்.

குருசாமி தன் நோட்டைப் புரட்டி மாப்பிள்ளையின் பெயருக்கு நேரே ‘தீட்டு’ என்று எழுதினார். எழுதியதை அவரிடம் காட்டவும் செய்தார். அதற்கப்புறம் மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. மாலையைக் கழற்றி மரக்கிளையில் மாட்டிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பேருந்திலோ ரயிலிலோ ஏற்ற எனக்கு மனமில்லை. என் தங்கை மகன் காரை எடுத்துக்கொண்டு வந்தான். நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, மூவரும் முகக்கவசம் போட்டு, இரண்டு நாள் நடந்துவந்த தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் திரும்பக் கடந்தோம். எதிரே பச்சை வேட்டிகள் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். குழு கிளம்பும்முன் பிளாஸ்க் மூடியைப் பற்றி அப்பத்தாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இரண்டு நாள் தாமதமான அறிவுரை அது.

நான்காம் நாள்: மதுரை

மாடி அறையில் அவர், கீழே நாங்கள். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு இறங்கிவருகிறேன்.

டாக்டர் எனக்குப் பழக்கமானவர். நடக்கிறாரா, மூச்சு வாங்குகிறதா, ஆக்சிஜன் அளவு எவ்வளவு என்று பார்த்தார். 97. நெஞ்சில் சத்தமில்லை. 2009இல் மத்திய சுகாதார அமைச்சகம் ஃப்ளூ நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்தது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வெறும் காய்ச்சலும் இருமலுமாக இருப்பவர் ஏ, வீட்டில் ஓய்வு போதும், பரிசோதனைகூட வேண்டாம். கடும் காய்ச்சலும் தொண்டை வலியும் உள்ளவர்கள், முதியவர், கர்ப்பிணி, சர்க்கரை, இதயம், ஆஸ்துமா உள்ளவர்கள் பி. அவர்களில் ஆபத்து கூடியவர்களுக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்தைக் கொடுக்க வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், சளியில் இரத்தம் என்றால் சி, உடனே மருத்துவமனை. மாப்பிள்ளை ஏ-க்கும் பி-க்கும் நடுவே நிற்கிறார். சிங்கப்பூரில் விடுப்புக்கு அத்தாட்சி கேட்பார்கள் என்பதால் மூக்கிலும் தொண்டையிலும் சளி மாதிரி எடுத்தார்கள். இன்ஃப்ளுயன்சா ஏ என்று மாலையில் முடிவு வந்தது. இந்த ஏ வைரஸின் வகை, மேலே சொன்ன பிரிவு அல்ல.

இந்த ஓசெல்டாமிவிர் மாத்திரைக்கு ஒரு கணக்கு உண்டு. காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். எங்களுக்கு அந்த நேரம் நேற்று இரவே முடிந்துவிட்டது. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பாதியைப் பாராசிட்டமாலும் மீதியை வாக்குவாதமும் தின்றுவிட்டன. 2009இல் இந்த மருந்து சாதாரணக் கடையில் கிடைக்காது, அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். 2017இல் விதியைத் தளர்த்தியபின் மருத்துவர் சீட்டு இருந்தால் கடையில் வாங்கலாம். மருந்து தெருமுனைக்கு வந்துவிட்டது, நாங்கள்தான் தெருமுனைக்கு வரவில்லை.

இரவு எட்டு மணிக்குக் குருசாமியின் அழைப்பு. அப்பத்தாவுக்கு ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் காய்ச்சல் கண்டிருக்கிறது, நடை தள்ளாடுகிறது, சர்க்கரை 340. அவர் இந்த முறை யாரையும் கேட்கவில்லை, 108ஐக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார். நான் தொலைபேசியில் ஆம்புலன்ஸ் ஊழியரிடம் இன்ஃப்ளுயன்சா ஏ தொடர்பு உறுதியானது என்று சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது.

ஐந்தாம் நாள்: மதுரை, காஜிமார் தெரு

காலையில் எதிர்வீட்டு பாய் வாசலில் நின்றுகொண்டு பேசினார். அவரும் மனைவியும் அறுபத்தெட்டு வயதுத் தாயாரும் இன்னும் பதினெட்டு நாளில் மெக்கா யாத்திரையான உம்ராவுக்குப் போகிறார்கள். மதுரையிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து ஜித்தா. அம்மாவுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டால் இனிமேல் பலன் உண்டா என்பது அவர் கேள்வி. ஊசி போட்டு ஏறக்குறைய இரண்டு வாரத்தில் எதிர்ப்பு உருவாகும், இன்றைக்கே போங்கள், நாளைக்கென்றால் ஒரு நாள் நட்டம் என்றேன். காஜிமார் தெருவில் அவர்களுடைய பயண ஏற்பாட்டாளரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததால் நானும் கூடப் போனேன்.

பெரிய பள்ளிவாசலுக்கு அருகே, மாடியில் சிறிய அறை. சுவரில் மெக்கா பள்ளிவாசலின் நடுவிலுள்ள கஅபாவின் படம். அதைச் சுற்றி வெள்ளைத் துளிகளாகத் தெரிவது முழுக்க மனிதர்கள். ஒரே தளத்தில், ஒரே திசையில், தோளோடு தோள் உரச ஏழு சுற்று. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களில் பலர் இருமலோடு திரும்புவதும், மருத்துவர்களே அதற்கு ‘ஹஜ் இருமல்’ என்று பெயர் வைத்திருப்பதும் அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மூளைக்காய்ச்சல் தடுப்பூசி ஹஜ்ஜுக்குக் கட்டாயம். 1987 ஹஜ்ஜில் அந்நோய் பரவியதற்குப் பிறகு வந்த விதி அது. ஃப்ளூ ஊசியை இந்திய ஹஜ் பயணிகளில் முதியவர்களுக்கும் ஆபத்து கூடியவர்களுக்கும் போடுகிறார்கள்.

பாயின் அத்தா, அதாவது அப்பா, 2009இல் ஹஜ்ஜுக்குப் போனவர். அந்த ஜூலையில் அரபு நாடுகளின் சுகாதார அமைச்சர்கள் கெய்ரோவில் கூடி, அறுபத்தைந்துக்கு மேற்பட்டோரும் பன்னிரண்டுக்குக் குறைந்தோரும் கர்ப்பிணிகளும் நாட்பட்ட நோயாளிகளும் அந்த ஆண்டு வர வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அத்தாவுக்கு அறுபத்து நான்கு. “ஒரு வயசுல தப்பிச்சேன்னு அத்தா சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க” என்றார் பாய். உலகமே அந்த ஹஜ்ஜைப் பார்த்துப் பயந்தது. முடிவில் சவூதி அரசு சொன்ன கணக்கு, 73 பேருக்குத் தொற்று, ஐந்து பேர் மரணம். அதே நாட்களில் ஜித்தாவில் கொட்டிய மழை வெள்ளத்தில் இறந்தவர்கள் நூறுக்கும் மேல். எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோமோ அந்தப் பக்கமிருந்து வரவில்லை.

2020 வேறு கதை. முந்தைய ஆண்டில் ஏறக்குறைய 25 லட்சம் பேர் கூடிய இடத்தில் சவூதிக்குள்ளேயே வசித்த சுமார் ஆயிரம் பேர் மட்டும். 2021இல் அறுபதாயிரம், அவர்களும் உள்நாட்டினரே. 2022இல் பத்து லட்சம் பேர்வரை அனுமதி, அறுபத்தைந்துக்குக் கீழ். மதுரையிலும் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் அழகர் வைகையில் இறங்கவில்லை. 2020இல் மீனாட்சி திருக்கல்யாணத்தை மேள சத்தத்தோடு கைபேசியில் பார்த்துத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்ட பெண்களை எங்கள் தெருவிலேயே கண்டேன். தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் அந்த மார்ச் 25ஆம் தேதி இதே மதுரையில், ராஜாஜி மருத்துவமனையில் நிகழ்ந்திருந்தது. பயம் அருகில் இருந்தது, அதனால் அரசு நிறுத்தியபோது ஊர் நின்றது. எனக்கு இப்போது கேள்வியெல்லாம், அரசு நிறுத்தாத ஒரு சாதாரண தை மாதத்தில், சாதாரண ஃப்ளூக் காய்ச்சலில், ஒரு தனி மனிதர் தானாக நிற்க என்ன வழி இருக்கிறது என்பதுதான்.

பாயின் பாட்டனார் பம்பாயிலிருந்து கப்பலில் போனவர். செங்கடலில் கமரான் தீவில் இறக்கி, துணிமணியை ஆவியில் வைத்து, சில நாள் தங்கவைத்த பிறகே ஜித்தாவுக்கு விடுவார்களாம். 1865 ஹஜ்ஜில் காலரா பரவி ஐரோப்பா வரைக்கும் போனதிலிருந்து பிறந்த ஏற்பாடு. நம் பக்கத்திலும் அப்படி ஓர் இடம் இருந்தது. ராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபம் கேம்ப். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளை அங்கே அடைத்துவைத்துப் பரிசோதித்த பிறகே கடல் தாண்ட விட்டார்கள். இரண்டிலும் அவமானம் நிறைய இருந்தது. ஏழையையும் கறுத்தவனையும் மட்டுமே நிறுத்திய முறை அது, அதைப் புகழ நான் வரவில்லை. அப்படி நிறுத்தியும் 1918இல் ஃப்ளூ பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கி ரயில் ஏறி நாடு முழுக்கப் போய் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொன்றது. ஆனாலும் அந்தக் காலப் பயணத்துக்குள் நின்று தங்கும் நாட்கள் என்று சில இருந்தன. அந்த நாட்களுக்கும் சேர்த்தே சோறு கட்டிக்கொண்டு போனார்கள். கப்பல் மெதுவாகப் போனதால் காய்ச்சல் கப்பலிலேயே தெரிந்தது. இன்று நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். காய்ச்சல் வெளிப்பட இரண்டு நாள். விமான நிலையத்து வெப்பமானிக் கருவி இன்று இருக்கும் சூட்டைத்தான் காட்டும், நாளை மறுநாள் வரப்போவதைக் காட்டாது. இன்றைய சூட்டையும் ஒரு பாராசிட்டமால் மறைத்துவிடும்.

கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் வந்தால் அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்று நபிமொழி இருக்கிறது என்றும், கலீஃபா உமர் சிரியா போகும் வழியில் நோய்ச் செய்தி கேட்டு, பாதி வழியிலேயே படையோடு திரும்பினார் என்றும் பாய் சொன்னார். குருசாமியின் நோட்டை நான் அவருக்குச் சொன்னேன். இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு பாய் ஏற்பாட்டாளரிடம், கிளம்பும் அன்று அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் பணம் திரும்புமா என்று கேட்டார். ஏற்பாட்டாளர் சிரித்தார். பதில் அதுதான்.

அன்று மாலை

சிரிப்பின் அர்த்தம் எனக்கு வீட்டிலேயே கிடைத்தது. மாப்பிள்ளைக்குப் பகலில் காய்ச்சல் இல்லை என்று மகிழ்ந்திருந்தோம். மாலை ஆறு மணிக்கு மறுபடியும் 100.6. மருந்து இல்லாமல் இருபத்து நான்கு மணி நேரம் காய்ச்சலற்று இருந்தால்தான் கூட்டத்துக்குள் போகலாம் என்பது டாக்டர் சொன்ன அளவு. நாளை இரவு விமானம். டிக்கெட் போட்டுக்கொடுத்தவரைக் கூப்பிட்டோம். “காய்ச்சல்னு எங்க கிட்டேயே சொல்லாதீங்க சார், சொன்னா ஏத்த மாட்டாங்க. சொல்லாமப் போயிருங்க” என்றார். தேதி மாற்றினால் அபராதமும் கட்டண வித்தியாசமுமாக 14,000 ரூபாய்க்கு மேல். காப்பீட்டுத் தாளை எடுத்துப் படித்தோம். மருத்துவமனையில் படுத்தால் பணம் உண்டு, வீட்டில் படுத்தால் இல்லை. சிங்கப்பூர் வருகை அட்டையிலோ காய்ச்சல், இருமல் உண்டா என்ற கேள்வி இருக்கிறது. உண்மை சொன்னால் செலவு, பொய் சொன்னால் இலவசம். இதற்குப் பிறகும் பயணிகள் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள் என்று குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாப்பிள்ளைதான் முடிவெடுத்தார். “பின்னாடி சீட்டுக்காரன் எனக்குச் செஞ்சதை நான் இன்னொருத்தனுக்குச் செய்யணுமா மச்சான்?” என்று சொல்லிக் கடன் அட்டையை எடுத்தார்.

ஆறாம் நாள்: தைப்பூசம்

பழனியிலிருந்து குருசாமி காணொளி அழைப்பில் கோபுரத்தைக் காட்டினார். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. முப்பத்தொரு பேரில் ஏறிச் சேர்ந்தவர்கள் இருபத்து நான்கு. மாப்பிள்ளை, நான், அப்பத்தா தவிர இன்னும் நால்வருக்குக் காய்ச்சல், அவர்களை நேற்றே பிரித்து வேனில் ஏற்றி அனுப்பிவிட்டாராம். 2022 தைப்பூசத்தில் வழிபாட்டுத் தலங்களை அரசு பூட்டியபோது, அடிவாரத்தில் சாலையில் நின்று மலையைப் பார்த்துக் கற்பூரம் கொளுத்திவிட்டுத் திரும்பியவர் இந்தக் குருசாமி. அன்று நோட்டில் என்ன எழுதினார் என்று கேட்க வேண்டும்.

அத்தை மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தார். இந்த நேர்த்தி கடனாக நிற்கிறது, தவறவில்லை என்பதற்கு அடையாளம். மாப்பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்து, முகக்கவசத்தோடு, ஆறடி தள்ளி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்து நான்கு மணி நேரக் கணக்கு இன்று காலை எட்டு மணிக்குத் தொடங்கியிருக்கிறது.

ஒன்பதாம் நாள்: மதுரை

இடையில் இரண்டு நாள் எழுத ஒன்றுமில்லை, அதுவே நல்ல செய்தி. காய்ச்சல் திரும்பவில்லை. நேற்று இரவு மாப்பிள்ளை விமானம் ஏறினார், மிச்சமிருந்த இருமலுக்காக முகக்கவசம் போட்டுக்கொண்டு, வருகை அட்டையில் உள்ளதை உள்ளபடி எழுதி, டாக்டரின் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. பாயின் அம்மாவுக்கு ஊசி போட்டாயிற்று. காய்ச்சலில் இருந்த நால்வரும் வீட்டில் தேறிவருகிறார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை, ஆண்டுதோறும் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் காரணமா, அதிர்ஷ்டமா தெரியாது.

அப்பத்தா அரசு மருத்துவமனையில் நான்கு நாள் இருந்தார். முதல் இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்களாம். முதல் நாள் இரவே மாத்திரை தொடங்கியதால் தப்பித்தார் என்று அவர் மகள் சொன்னார். இன்று காலை செல்லூரில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் மல்லிகை மொட்டைக் கொட்டிக்கொண்டு கட்டத் தொடங்கியிருந்தார். விரல்கள் இன்னும் நடுங்குகின்றன, சரம் இடைவெளி விட்டு விட்டு வந்தது. சாத்துக்குடிப் பையை ஓரமாக வைத்துவிட்டு, முதல் நாள் இரவு மண்டபத்தில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வாடிப்பட்டியிலேயே அவனை நிறுத்தியிருக்க வேண்டியவன் நான்தான், மாத்திரை கொடுத்து நடக்கவிட்டேன், அதனால்தான் உனக்கு வந்தது என்று ஒரு மாதிரி சொல்லி முடித்தேன்.

அப்பத்தா கட்டுவதை நிறுத்திவிட்டு என்னை முறைத்தார்.

“உன் மாப்பிள்ளைக்குக் குடுத்தியே அந்த மாத்திரை, அதுல ஒண்ணு எனக்கும் குடுத்திருந்தா நானும் பழனி போய்ச் சேந்திருப்பேன்ல?”